கிரீன்வுட் என்று ஒருவன் இல்லை

செயின்ட் ஓடில், மெய்ன்
மார்ச் 8, 2004

திரு. லூசியன் கிரீன்வுட் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். மனசாட்சி உறுத்துகிறவர்களுக்குத்தான் உடம்பு கெடும்.

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை தபால் தலை வாங்கப் போயிருந்தேன். கவுண்டரில் குளோடெட் வாயெல்லாம் பல்லாக நின்றாள். "என்ன ஒலிவின், உன் தம்பி பேரை இந்த ஆபீசுக்கே வைக்கப் போறாங்களாமே! சொல்லவே இல்ல நீ!" என்று வாரப் பத்திரிகையை என் மூக்கின் கீழ் நீட்டினாள். நம் தொகுதி உறுப்பினர் வாஷிங்டனில் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறாராம். சர்ச் தெரு பதினான்காம் எண்ணில் உள்ள தபால் நிலையம் இனி "படைவீரர் நார்மன் கிரீன்வுட் தபால் நிலையக் கட்டடம்" என்று வழங்கப்படுமாம்.

யார் இந்த நார்மன் கிரீன்வுட்? இந்த ஊரில் அப்படி ஒருவன் பிறக்கவில்லை. நம் வீட்டில் பிறந்தவன் நோர்மான் புவாவெர். பதினேழு வயதில் கொரியாவுக்குப் போய்த் திரும்பாதவன் நோர்மான் புவாவெர். புவாவெர் என்றால் பிரெஞ்சில் பச்சை மரம் என்று பொருள் பார்த்து, அதை இங்கிலீஷில் புரட்டிப் போட்டுக்கொண்ட ஆள் நம் குடும்பத்தில் ஒரே ஒருவர். வாட்டர்பரி பித்தளை ஆலையில் மேஸ்திரியின் வாயில் நுழையவில்லை என்பதற்காகப் பப்பாவின் பெயரைக் கழற்றிப் போட்டவர். அது உங்கள் இஷ்டம். செத்தவனுக்கும் ஏன் அந்தச் சட்டையை மாட்டுகிறீர்கள்?

அந்தப் பெயரால் நாங்கள் பட்டது உங்களுக்கு எங்கே தெரியும். அவன் செத்த தந்தி ரயில் நிலையத்தில் இரண்டு நாள் கிடந்தது. பப்பாவின் பெயரை "ஒனேசிம் கிரீன்வுட்" என்று முகவரியில் போட்டிருந்தால் யாரிடம் கொடுப்பார்கள்? அந்த இரண்டு நாளும் நான் அவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன்.

நீங்கள்தான் அவனைக் கூட்டிப்போய்ப் பட்டாளத்தில் தள்ளினீர்கள், உங்கள் பெயரையும் அவன் தலையில் கட்டினீர்கள். இதை ஐம்பத்து மூன்று வருடமாகச் சொல்கிறேன். இந்த மசோதாவில் உங்கள் கை இருக்கிறதா, இல்லையா? ஒரு வரி பதில் போதும்.

ஒலிவின் புவாவெர்


வாட்டர்பரி, கனெக்டிகட்
மார்ச் 17, 2004

அன்புத் தங்கச்சி,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் அந்த மரியாதை பாதிரியாருக்கும் போலீஸ்காரருக்கும் மட்டும்தான். நான் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று தெரியவில்லை.

மசோதா விஷயம் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். பழைய படைவீரர் சங்கத்தார் யாராவது கேட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? எப்படியோ, நல்ல காரியம்தானே. அவன் பெயர் எங்கேயும் இல்லாமல் இருப்பதற்கு ஒரு சுவரிலாவது இருக்கட்டும். பலகையை எங்கே வைப்பார்கள்? உள்ளே பெட்டிகள் இருக்கும் பக்கமா, கவுண்டருக்கு எதிரிலா? எதிரில் என்றால் வரிசையில் நிற்கிறவர்கள் படிப்பார்கள்.

உன் அண்ணி தெரேசா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீ வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தனியாகச் சமைக்கிறேன், ப்ளோய் தோசை சுட்டால் அடி பிடிக்கிறது. அங்கே பனி உருகிவிட்டதா?

உன் அண்ணன்
லூசியன்


செயின்ட் ஓடில்
மார்ச் 25, 2004

திரு. லூசியன் அவர்களுக்கு,

காதில் பூ சுற்றுவதற்கு வேறு ஆளைப் பாருங்கள். பலகை என்ற சொல்லையே நான் எழுதவில்லை. பத்திரிகையிலும் அது இல்லை. திரும்பத் திரும்ப மூன்று தரம் படித்துவிட்டேன். வாசலில் எழுத்து மாறாது, உள்ளே ஒரு சின்னப் பலகை மட்டும்தான் மாட்டுவார்கள் என்பது எனக்கே உறுப்பினர் அலுவலகம் சொல்லித்தான் தெரியும், குளோடெட்டுக்கும் தெரியாது. வாட்டர்பரியில் அடி பிடித்த ப்ளோயைச் சுரண்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

உறுப்பினர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். விட்காம் என்று ஒரு பெண் பேசினாள். குரல் தேனாக இருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

"குடும்பத்துல இருந்துதான் மேடம் விண்ணப்பம் வந்துச்சு."

"குடும்பம்னா நான்தான். நான் ஒண்ணும் அனுப்பலையே."

"இல்ல மேடம், வீரரோட அண்ணன். கனெக்டிகட்ல இருந்து. ரொம்ப அருமையா எழுதியிருந்தார். படிச்சிட்டு நாங்க அழுதுட்டோம்."

அழுதார்களாம். நீங்கள் அருமையாக எழுதுவீர்கள் என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நாக்கு கூசாமல் பொய் எழுதினீர்களே, அதுதான் ஆச்சரியம். "நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்" என்று என் முகத்துக்கு நேரே!

இன்னொன்றும் அந்தப் பெண்ணின் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொண்டேன். தபால் நிலையத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் மாநிலத்திலிருந்து வாஷிங்டன் கீழவைக்குப் போன உறுப்பினர்கள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டுமாம். நம் மாநிலத்துக்கு இருப்பதே இரண்டு பேர். நம்மவர் போட்டுவிட்டார். தெற்கே இருப்பவர் இன்னும் போடவில்லை. இனிப் போடவும் மாட்டார். "கிரீன்வுட் என்று ஒருவன் இந்த ஊரில் இல்லை, விசாரித்துக்கொள்ளுங்கள்" என்று அவருக்கு நேற்றே பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன்.

இங்கே பனி உருகவில்லை.

ஒலிவின் புவாவெர்


வாட்டர்பரி
ஏப்ரல் 10, 2004

ஒலிவின்,

சரி. நான்தான் எழுதினேன். முதலிலேயே கேட்டிருந்தால் நீ சம்மதித்திருப்பாயா? கடிதத்தைப் பிரித்திருக்கக்கூட மாட்டாய்.

அவன் உடம்பு வரவில்லை. உடம்பு வராமல் கல் நட மாட்டேன் என்று பப்பா பிடிவாதமாக இருந்தார். பப்பா போன பிறகு நீ அதே பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டாய். மாதா கோயில் கல்லறையில் நம் வீட்டார் எல்லாரும் இருக்கிறார்கள், அவன் மட்டும் இல்லை. எனக்கு எழுபத்தாறு, உனக்கு எழுபத்திரண்டு. நமக்குப் பிறகு அவன் பெயரை யார் சொல்லுவார்கள்? எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். இதில் சூது எதுவும் இல்லை.

கிரீன்வுட் என்று போட்டதும் என் சூழ்ச்சி இல்லை. எந்தப் பெயரில் சேர்ந்தானோ அந்தப் பெயரைத்தான் போடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் நாம் மூன்று பேருமே கிரீன்வுட்தான், மறந்துவிட்டதா? தெற்கிலிருந்து வந்த அந்த டீச்சர் வருகைப் பதிவில் அப்படித்தானே எழுதினாள். பிரெஞ்சு பேசியதற்கு நூறு தரம் எழுதுகிற தண்டனையில் உனக்கு எழுதித் தந்தவன் நான்.

தெற்கு உறுப்பினருக்கு இன்னொரு கடிதம் எழுது, கெஞ்சிக் கேட்கிறேன். இந்த வருடக் கடைசிக்குள் நிறைவேறாவிட்டால் மசோதா செத்துவிடும். புது அவை வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நான் இருக்க மாட்டேன்.

லூசியன்


செயின்ட் ஓடில்
மே 30, 2004

லூசியன் அவர்களுக்கு,

பதில் வரத் தாமதம் என்றதும் நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வரக் காத்திருந்தேன். வந்துவிட்டது. 1973-இல் அங்கே பெரிய தீ விபத்தாம். அந்தக் காலத்துத் தரைப்படைக் கோப்புகள் பெரும்பாலும் போய்விட்டனவாம், நோர்மானுடையதும் சாம்பலாம். அப்படியானால் அவன் சேர்ந்த பெயர் இது என்று காட்ட மசோதா எழுதியவர்களுக்கு எங்கிருந்து தாள் கிடைத்தது? சாம்பலில் இருந்தா?

விட்காமிடம் மறுபடி பேசினேன்.

"ஒரிஜினல் ஃபைல் இல்ல மேடம். ஆனா உங்க அண்ணன் ஒரு நகல் அனுப்பியிருக்காரே, பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு வீட்டுல சம்மதம் எழுதித் தர்ற படிவம். அதுல உங்கப்பா கையெழுத்து இருக்கு."

"எங்கப்பா கையெழுத்தா? என்னன்னு போட்டிருக்கு?"

"ஒனேசிம் கிரீன்வுட்னு, ரொம்ப அழகா."

பப்பா பேனா பிடித்து நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? ஒரு சிலுவைக் குறி போடுவார், அதையும் கோணலாகப் போடுவார். "ரொம்ப அழகா" கையெழுத்துப் போட அவருக்கு எங்கே தெரியும்? பட்டாளத்தில் சேர்க்கிறார்கள் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. பையன் வாட்டர்பரியில் ஆலை வேலைக்குப் போகிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது புரிகிறது. அந்தக் கள்ளக் கையெழுத்து உங்களுடையது. உங்கள் பெயர் அது, உங்கள் வீட்டில் எழுதியது, உங்கள் கை எழுதியது. பதினேழு வயதுப் பிள்ளையைச் சாகக் கொடுக்க அப்பன் பெயரில் நீங்களே சம்மதம் எழுதிக்கொண்டீர்கள். இத்தனை வருடம் நான் உங்களைத் திட்டியதெல்லாம் கம்மி என்று இப்போதுதான் தெரிகிறது.

இதை அந்த அலுவலகத்தில் சொல்லத்தான் போகிறேன்.

ஒலிவின் புவாவெர்


வாட்டர்பரி
ஜூன் 8, 2004

ஒலிவின்,

மசோதாவே வேண்டாம். வாபஸ் வாங்கச் சொல்லி இன்றே எழுதுகிறேன். நீ ஜெயித்துவிட்டாய். அந்தப் படிவத்தை மட்டும் கேட்காதே. நான்தான் போட்டேன் என்று வைத்துக்கொள், ஊரிலும் சொல்லிக்கொள். இத்துடன் விட்டுவிடு.

லூசியன்


செயின்ட் ஓடில்
ஜூன் 14, 2004

லூசியன் அவர்களுக்கு,

மடியில் கனம் இல்லாதவர் இப்படியா ஓடுவார்? "வைத்துக்கொள்" என்றால் என்ன அர்த்தம்? போட்டீர்கள் என்றால் போட்டேன் என்று எழுதுங்கள். போடவில்லை என்றால் யார் போட்டது என்று எழுதுங்கள். நடுவில் நின்று வைத்துக்கொள், விட்டுவிடு என்றால் நான் என்ன கேனச்சியா?

நகல் கேட்டு வியாழக்கிழமையே எழுதிவிட்டேன். இந்த வாரம் வந்துவிடும் என்று விட்காம் சொல்லியிருக்கிறாள். குளோடெட்டிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாரும் பார்க்க அந்தக் கவுண்டரிலேயே உறையைப் பிரிக்கப் போகிறேன்.

ஒலிவின் புவாவெர்


வாட்டர்பரி
ஜூன் 18, 2004

தங்கச்சி,

இந்தக் கடிதம் முந்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விரைவுத் தபாலில் போடுகிறேன். அந்த உறை வந்திருந்தால் கவுண்டரில் பிரிக்காதே. வீட்டுக்கு எடுத்துப் போ, கதவைச் சாத்திக்கொள், உட்கார்ந்து பிரி.

1951 பிப்ரவரியில் நோர்மான் வீட்டுக்கு ஒரு படிவம் அனுப்பினான், நினைவிருக்கிறதா? ஆலைக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும், அவசரம் என்று எழுதியிருந்தான். அது ஆலைப் படிவம் இல்லை. அவன் உன்னிடம் பொய் சொன்னான். நீ நிரப்பி அனுப்பினாய், பப்பாவுக்காக எப்போதும் எல்லாத் தாளிலும் போடுவது போலப் போட்டாய். அந்தக் கையெழுத்து உன்னுடையது.

அதில் ஏன் கிரீன்வுட் என்று எழுதினாய் என்று உனக்குத்தான் தெரியும். நான் கிரீன்வுட் என்று ஆலையில் வேலை பார்க்கிறேன், தம்பி வேறு பெயரில் போனால் குழப்பம் என்று நினைத்திருக்கலாம். இங்கிலீஷ் தாளைக் கண்டாலே அந்த டீச்சரின் பிரம்பு ஞாபகம் வந்து கை தானாக எழுதியிருக்கலாம். ஞானஸ்நானச் சான்றிதழ் பிரெஞ்சில் இருந்தது. ஆள் எடுக்கிற சார்ஜெண்டுக்கு அதில் ஒரு எழுத்துப் புரியவில்லை. படிவத்தில் என்ன இருந்ததோ அதையே எழுதிக்கொண்டார்.

நோர்மான் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "பார்றா அண்ணா, ஒலிவின் எனக்குப் புதுசா பேர் வச்சு அனுப்பியிருக்கா! அவளே வச்சிட்டா, மாத்த நான் யாரு?" என்றான். அவன் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தந்தி வந்த பிறகு நீ எழுதிய கடிதத்தில் "நீதான் கொன்றாய்" என்று இருந்தது. இல்லை, கையெழுத்து உன்னுடையது என்று உனக்கு எப்படி எழுதுவேன்? உனக்கு அப்போது பத்தொன்பது வயது. நீ என்னைத் திட்டிக்கொண்டாவது உயிரோடு இருக்கட்டும் என்று விட்டேன்.

அலுவலகம் ஏதாவது ஆதாரம் கேட்டது. கோப்பு எரிந்துபோய்விட்டது, என்னிடம் இருந்தது நோர்மான் விட்டுப்போன இந்தக் கரிநகல் ஒன்றுதான். செயின்ட் ஓடிலில் யார் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து அனுப்பினேன். முட்டாள்தனம்.

என்னை மன்னித்துவிடு.

லூசியன்


செயின்ட் ஓடில்
ஜூலை 12, 2004

அண்ணா,

உன் கடிதம் ஜூன் 21, திங்கள்கிழமை வந்தது. உறை அதற்கு முந்தின சனிக்கிழமையே வந்துவிட்டது.

கவுண்டரில்தான் பிரித்தேன். குளோடெட், அவள் அக்கா, உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர் சைர், இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். "வாங்க, வந்து பாருங்க, எங்கண்ணன் போட்ட கள்ளக் கையெழுத்தை!" என்று நானே கூப்பிட்டு வைத்தேன். தாளை விரித்தேன். கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னியாஸ்திரீ மடத்தில் மாலை வகுப்பில் கற்றுக்கொண்ட அந்தச் சுழித்த "ஜி", கடைசியில் மேலே தூக்கி முடிக்கிற "டி". இன்றைக்கும் மளிகைச் சீட்டில் நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

குளோடெட் எட்டிப் பார்த்து, "என்ன ஒலிவின், அவன் கைதானா?" என்றாள்.

"ஆமா. அவன் கைதான்," என்றேன்.

அப்படித்தான் சொன்னேன், அண்ணா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. லூசியன் அப்பன் கையெழுத்தைத் திருடித் தம்பியைக் கொன்றவன் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. சைரின் மனைவி எனக்கு இறைச்சி வைத்த அப்பம் சுட்டுக்கொண்டு வந்து, "பாவம்டீ நீ" என்று கட்டிக்கொண்டாள். அதையும் வாங்கித் தின்றேன்.

அந்தப் படிவம் எனக்கு நினைவிருக்கிறது. பப்பாவுக்கு மார்ச்சளி, அடுப்பில் கஞ்சி. தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. புள்ளிக்கோடு எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடினேன். கிரீன்வுட் என்று எழுதியது உனக்காகத்தான். அண்ணனும் தம்பியும் ஒரே குடும்பம் என்று ஆலைக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். எழுதி முடித்து ஊதிக் காய வைத்தேன். அழகாக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பெயரோடு தந்தி வந்தபோது நீ வைத்த பெயர் என்று சத்தியமாக நம்பினேன். எப்படி நம்பினேன் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன்.

ஆனால் உன்னையும் நான் முழுதாக நம்பவில்லை. அந்தத் தாளை நீ பார்த்தாய். பப்பா எழுத மாட்டார் என்று உனக்குத் தெரியும், நான் ஏமாந்துதான் போட்டிருப்பேன் என்றும் தெரிந்திருக்கும். ஏன் கிழித்துப் போடவில்லை? ஐம்பத்து மூன்று வருடம் வாயை மூடியிருந்தது என்மேல் உள்ள பாசத்தால் மட்டும்தானா? உண்மையைச் சொல்.

ஒலிவின்


வாட்டர்பரி
ஜூலை 20, 2004

ஒலிவின்,

சொல்கிறேன். இரண்டு அறை வீடு. தெரேசா ஆறு மாதக் கர்ப்பம். நோர்மான் சமையலறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு விடிய விடிய ரேடியோ கேட்பான். தெரேசாவுக்கும் அவனுக்கும் தினம் ஒரு சண்டை. தாளைக் காட்டினான். இது ஏமாற்று என்று பார்த்ததும் தெரிந்தது. கிழித்திருக்கலாம், உனக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். செய்யவில்லை. அவன் போகிறான் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பேருந்து நிலையம் வரை பெட்டியைத் தூக்கிப் போனதும் நான்தான்.

நீ என்னைத் திட்டிய ஒவ்வொரு தடவையும், காரணம் தப்பு, ஆள் சரி என்று நினைத்துக்கொள்வேன். இதைத் தெரேசாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஊரில் என்ன பேசுகிறார்களோ பேசட்டும். நீ எதையும் மாற்றிச் சொல்லப் போகாதே. மசோதாவை வாபஸ் வாங்கவில்லை. ஜூன் எட்டாம் தேதி உறுப்பினருக்கு வாபஸ் கடிதம் எழுதினேன், அதைப் பெட்டியில் போடக் கை வரவில்லை. மசோதாவில் பெயரை மட்டும் நோர்மான் புவாவெர் என்று திருத்தச் சொல்லியிருக்கிறேன். நாம் இருவரும் ஒத்துப்போனால் செய்யலாம் என்றார்கள். உன் விருப்பம் போலவே இருக்கட்டும்.

லூசியன்


செயின்ட் ஓடில்
செப்டம்பர் 27, 2004

அண்ணா,

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. எப்போது கேட்டிருக்கிறேன்?

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கீழ்க்கூடத்தில் எல்லாரும் காபியோடு உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று சொல்லிவிட்டேன். படிவத்தையும் கொண்டுபோயிருந்தேன். "இது எங்கண்ணன் கையில்ல. என் கை. அன்னைக்குக் கவுண்டர்ல நான் பொய் சொன்னேன்," என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. குளோடெட்தான் முதலில் வாய் திறந்தாள். "ஏன்டி, இத்தனை வருஷமா அந்த மனுஷனைக் கரிச்சுக் கொட்டினியேடி!" என்றாள். பிறகு உருளைக்கிழங்கு சைர் மெல்ல, "சரி சரி, உக்காரு ஒலிவின், காபி ஆறுது," என்றார். உட்கார்ந்தேன். யாரும் எழுந்து போகவில்லை. சைரின் மனைவி மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்த இறைச்சி அப்பம் சுட்ட தட்டைத் திருப்பிக் கேட்டனுப்பினாள்.

நீ நிம்மதியாக இருந்தேன் என்று எழுதியதைப் படித்து இரண்டு நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தது. மூன்றாம் நாள் அழுதேன். இப்போதும் கொஞ்சம் ஆத்திரம் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். எனக்கு நீ ஒருவன்தான் மிச்சம்.

தெற்கு உறுப்பினருக்கு என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கி எழுதினேன். போன வாரம் அவரும் கையெழுத்திட்டுவிட்டாராம். இனி வாஷிங்டன் பாடு. விட்காம் பெயரைத் திருத்தட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கிரீன்வுட்டாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே. அது நான் அவனுக்கு வைத்த பெயர். அதைச் சுமந்துகொண்டுதான் அவன் அவ்வளவு தூரம் போனான். இப்போது நானே அதைப் பிடுங்கினால் அவனுக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஊரில் எப்படியும் எவனும் அந்தப் பெயரைச் சொல்லப் போவதில்லை. "லா போஸ்டுக்குப் போறேன்" என்று பிரெஞ்சில்தான் சொல்லுவான்.

பலகை திறக்கும் நாளில் நீ வர வேண்டும். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். ரேடியோ கிடையாது.

குடும்பத்தார் சம்மதம் என்று விட்காம் ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். இங்கிலீஷில், நான்கு பக்கம். புள்ளிக்கோடு கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது. சாயங்காலம் முழுக்கச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, புரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டி, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

உன் தங்கச்சி
ஒலிவின்